பச்சைப் பொடியின் காந்தம்

ஆவூர் அற்புதமேரிக்கு வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் முனைவர். புதன்கிழமை காலையில் அவள் போனுக்கு ஒரு வரைபடம் வந்தது. அதைப் பார்த்தவள் ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்து மேசைக்காரி. "என்னக்கா, வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேன். போனை என் பக்கம் திருப்பினாள்.

என் பெயர் பொற்கொடி. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அக்காவுக்குப் பின்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் நிறையக் கத்துவேன்.

அக்கா செய்த வேலையைச் சொன்னால்தான் அந்தப் படம் அவளை ஏன் அப்படி உட்காரவைத்தது என்று விளங்கும். துத்தநாக ஆக்சைடு எல்லோருக்கும் தெரிந்த சாமான்தான். வெயிலுக்கு முகத்தில் பூசும் கிரீமிலும், குழந்தைகளுக்குத் தடவும் களிம்பிலும் இருக்கிற வெள்ளைப் பொடி. அதில் கோபால்ட் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்து, தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய குச்சிகளாக வளர்ப்பது அவள் ஆராய்ச்சி. உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அடியில் படிவதை வடிகட்டிக் காயவைத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் சுட வேண்டும். அந்தக் கிண்ணத்தைத்தான் நாங்கள் குருசிபிள் என்போம். மங்கலாக உள்ளே போகிற பொடி நல்ல பச்சையாக வெளியே வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

எந்த ஒளியை விழுங்கி அது பச்சையாகிறது என்பது ஆய்வின் முதல் பாதி. அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பாதி காந்தம். துத்தநாக ஆக்சைடைக் காந்தம் இழுக்காது. ஆனால் அக்காவின் பச்சைப் பொடிக்கு, சாதாரண அறைச் சூட்டிலேயே, லேசான காந்தத்தன்மை இருந்தது. அதை அளக்கும் கருவி எங்களிடம் கிடையாது. பொட்டலம் கட்டி வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். திரும்பி வரும் படத்தில் ஒல்லியான வேப்பிலை மாதிரி ஒரு வளையம் இருந்தால் காந்தம் உண்டு, வெறும் கோடாக இருந்தால் இல்லை. அக்காவுக்கு வளையம் வந்தது. ஒளியையும் உள்ளே விட்டு, மின்சாரத்துக்கும் வளைந்துகொடுத்து, காந்தமாகவும் இருக்கிற ஒரு பொருளைப் பெரிய பெரிய ஊர்களில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது நம்ம ஊரில் கிடைத்துவிட்டது என்று கட்டுரையும் வெளிவந்துவிட்டது. என்னுடைய ஆய்வே அந்தப் பொடியின் மேல்தான் நிற்கிறது.

புதன்கிழமை வந்த படம் பச்சைப் பொடிக்கு எடுத்ததல்ல, வெறும் வெள்ளைப் பொடிக்கு எடுத்தது. அக்காவின் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் பேராசிரியர் அமிர்தவல்லி, தன் அறிக்கையில் போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கோபால்ட் கலக்காத பொடியையும் இதே முறையில் செய்து அளந்தீர்களா என்று. யாரும் அளந்ததில்லை. அளக்காத விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா அதையும் புதிதாகச் செய்து அனுப்பினாள். கோடுதான் வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

வளையம் வந்திருந்தது. பச்சைப் பொடிக்கு வந்த அதே வளையம்.

"அப்ப கோபால்ட்டுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இல்ல கொடி," என்றாள் அக்கா. "ரெண்டு பொடியிலயும் வேற என்னமோ இருக்கு."

"பொட்டலம் மாறியிருக்கும். அங்கிட்டு எவனாவது கை மாத்தி வச்சிருப்பான்," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

அக்காவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா மரியசூசை ஆவூரில் கடலை போடுகிறவர். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் கிடைத்த வேலை. மூத்த மகள் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, கீரனூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்க் கல்லூரி முடித்து, எம்.எஸ்சி.யும் வாங்கினாள். கல்யாணமானது விராலிமலைக்கு. வீட்டுக்காரர் ஜெரோம் லோடு வண்டி ஓட்டுகிறார். ஒரு பெண் குழந்தை. காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, எங்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக வகுப்பெடுத்து, வகுப்பு இல்லாத நேரமெல்லாம் ஆய்வகத்தில் நின்று, சாயங்காலம் ஓட்டமாக ஓடிக் கடைசி ஆளாகப் பஸ்ஸில் ஏறுவாள். இப்படியே வருடங்கள் போயின. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வருகிற ஜூனில் வேலை கிடையாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் கையில் இருந்தது பட்டம் மட்டுமல்ல, சோறும்தான்.

எங்கள் நெறியாளர் பேராசிரியர் ஆத்மநாதன். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் பார்த்தார்.

"இதுக்கு ஏம்மா இப்படி மொகம் வாடிப் போயிருக்க? வெறும் துத்தநாக ஆக்சைடுலயே காந்தம் வருதுன்னு எத்தனையோ பேரு எழுதியிருக்காங்க. உள்ள ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடம் சிலது காலியா இருந்தா வரும்னு சொல்றாங்க. கேட்டா அதைச் சொல்லு. கேக்கலைன்னா பேசாம இரு."

"அது உண்மையா சார், நம்ம பொடியில?"

"இல்லன்னு ஒன்னால நிரூபிக்க முடியுமா, வெள்ளிக்கிழமைக்குள்ள?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் விவகாரம். அப்படிக் கட்டுரைகள் உண்டு, நானே படித்திருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தேர்வாளர் தலையாட்டிவிடுவார், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வெளியே வந்ததும் நானும் அதையே சொன்னேன். "சார் நல்ல வழி காட்டிட்டாரு. கெளம்புக்கா, புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்தியே, அதை வாங்கிட்டு வருவோம்."

அக்கா கிளம்பவில்லை. ஆய்வக மூலையில் கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. அதன் ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னக் காந்தம் இருக்கும், சின்னதுதான், ஆனால் விரலை நசுக்குகிற பலம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அதைக் கழற்றினாள். "என்னக்கா செய்யிற?" என்றதற்கு, "காலியிடத்தால வந்த காந்தம்னா, பொடி கரைஞ்சா அதுவும் கரைஞ்சிரும். அழுக்கால வந்ததுன்னா அழுக்கு மிஞ்சும்," என்றாள்.

அவ்வளவு எளிமையான யோசனை எனக்கு வந்திருக்காது. துத்தநாக ஆக்சைடு வினிகர் மாதிரியான லேசான அமிலத்திலேயே கரைந்துவிடும். மீதமிருந்த வெள்ளைப் பொடி முழுவதையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொட்டி, அமிலத்தை ஊற்றி, வெளிப்பக்கம் காந்தத்தை வைத்துக் கட்டினாள். குப்பி பால் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் மனசுக்குள் கும்பிடாத சாமி இல்லை. எதுவும் மிஞ்சக் கூடாது. அக்கா உதடு அசைவதைப் பார்த்தேன். மாதாவிடம் அவளும் அதையேதான் கேட்டிருப்பாள்.

மெல்ல மெல்லத் தெளிந்தது. மறுபக்கம் இருந்த அக்காவின் முகம் குப்பி வழியாகத் தெரிந்தது. ஒன்றும் இல்லை என்று நான் கைதட்டப் போன சமயம், அவள் விரலால் சுட்டிக்காட்டினாள். காந்தம் இருந்த இடத்தில், கண்ணாடியின் உட்பக்கம், கறுப்பாகச் சில புள்ளிகள். குப்பியை ஆட்டினாள், புள்ளிகள் ஆடவில்லை. காந்தத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள், புள்ளிகள் பின்னாடியே நகர்ந்தன.

காந்தத்தை வாங்கி நானும் ஒரு தடவை நகர்த்திப் பார்த்தேன்.

பச்சைப் பொடியிலும் அதேதான். கரைந்து ரோஸ் நிறத் தண்ணீர் ஆனது, புள்ளிகள் மிஞ்சின. அக்கா அவற்றில் சிலதைத் தாளில் எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டு லென்ஸை என்னிடம் தந்தாள். உருண்டையான தூசி இல்லை. மெல்லிய சீவல்கள். சிலது சுருண்டிருந்தன. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் எழுந்து கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றுவிட்டாள். அங்கே சோப்பு டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் கிடந்தது.

எங்கள் ஆய்வகத்தில் அக்காவின் குருசிபிள்கள் பிரசித்தம். ஒரு தடவை சுட்டாலே கிண்ணத்தின் உட்புறம் பச்சைக் கறை ஏறிவிடும். மற்றவர்கள் ஊறவைத்து, அலசி, கறையோடு அப்படியே வைப்பார்கள். அக்கா விட மாட்டாள். வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பது மாதிரி கம்பி நாரைப் போட்டு, புதுசு மாதிரி வெளுக்கிற வரை தேய்ப்பாள். சமையலறையில் எச்சில் பாத்திரம் கிடந்தால் தூக்கம் வராத ஜாதி அவள். "மேரி கிண்ணத்தைப் பாருங்க, சுத்தம்னா அதுதான்" என்று சாரே புதிதாக வருகிறவர்களிடம் காட்டுவார். அதைப் பார்த்து நானும் தேய்க்க ஆரம்பித்தேன். குருசிபிளின் உட்பக்கம் சொரசொரப்பு. கம்பி தேயத் தேய இரும்புச் சீவல் அங்கேயே தங்கி, அடுத்த பொடியோடு கலந்திருக்கிறது. கறையோடு வைத்திருந்த சோம்பேறிகள் எல்லாம் தப்பித்துக்கொண்டார்கள். இவ்வளவு சுத்தம் பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் இந்தக் கதி. எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"இன்னும் ஒரு சோதனை பாக்கி," என்றாள் அக்கா. வியாழக்கிழமை, பெட்டியே பிரிக்காத புதுக் கிண்ணத்தில், கம்பி படாமல் வெள்ளைப் பொடியை ஒரு தடவை சுட்டாள். பாதியில் கரண்ட் போனது. உலையின் சூடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். கரண்ட் வந்து, மறுபடியும் சூடேற்றி, ஆறவைத்து, கரைத்துப் பார்க்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தண்ணீர் மாதிரித் தெளிந்த குப்பி. காந்தத்தருகே ஒரு புள்ளி கிடையாது. பெரிய கருவியில் போட்டு அளக்கவில்லைதான், ஆனால் அதற்கு மேல் எனக்கோ அவளுக்கோ சந்தேகம் இல்லை.

அப்போதுதான் நான் கத்தினேன்.

"நாளைக்கு இதைச் சொல்லப் போறியா? சொல்லுக்கா! சொன்னா என்ன ஆகும் தெரியுமில்ல? ஜூன்ல ஒனக்கு வேலை இல்ல. கட்டுரை போச்சு. என் ஆய்வும் போச்சு, எங்க வீட்ல எனக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாங்க. யாரு கேட்டா ஒன்னைய? பட்டத்தை வாங்கிட்டு அப்புறம் மெதுவாத் திருத்திக்கலாம்ல?"

"பட்டம் வாங்கிட்டா திருத்த மாட்டேன் கொடி. எனக்கு என்னையத் தெரியும்."

"ஒன் பாப்பாவை நெனச்சுப் பாரு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் சொல்லிவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்," என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லப் போகிறாளா இல்லையா என்று கடைசி வரை சொல்லவில்லை. அது அவளுக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஆவூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். மரியசூசை வெள்ளை வேட்டி சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜெரோம் குழந்தையை மடியில் வைத்திருந்தார். வாய்மொழித் தேர்வு என்றால் எங்கள் பக்கம் அது பாதிக் கல்யாணம். பொன்னாடை, போட்டோ, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கூடத்துக்குப் பின்னால் பந்திக்கு மேசை போட்டு இலைக்கட்டு இறக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை என்பதால் சைவம்.

அக்கா மயில் நீலப் புடவையில் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். ஒளிப் பகுதி அருமையாகப் போனது. காந்தப் படம் திரையில் விழுந்தது. அமிர்தவல்லி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ கேட்கப் போகிறார் என்று பார்த்தால், உலையின் சூட்டைப் பற்றி ஏதோ கேட்டார். அப்புறம் கோபால்ட்டின் அளவைப் பற்றி. இரண்டுக்கும் அக்கா சரியாகப் பதில் சொன்னாள். அந்த வெள்ளைப் பொடிக் கேள்வியை அவர் மறந்தே போயிருந்தார்.

ஆத்மநாதன் சார் மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "வேற கேள்வி ஏதும் இல்லைன்னா, மேடம் தங்களோட பரிந்துரையை…"

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா. "மேடம் அறிக்கையில கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும் சாருக்கும் மட்டும் புரிந்தது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன், அவள் என் பக்கமே பார்க்கவில்லை. பையிலிருந்து வெள்ளைப் பொடி, பச்சைப் பொடி, புதுக் கிண்ணப் பொடி என்று கரைத்த மூன்று குப்பிகளையும் அந்தக் காந்தத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளைப் பொடியிலும் வளையம் வந்ததைச் சொன்னாள், கரைத்துப் பார்த்ததைச் சொன்னாள், கம்பி நாரைச் சொன்னாள். "இந்தக் காந்தம் என் பொடியோடது இல்லைங்க மேடம். நான் கிண்ணம் கழுவுன கம்பியோடது. காந்தத்தைப் பத்தின அஞ்சாவது அத்தியாயம் தப்பு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்து முறைத்தேன்.

அமிர்தவல்லி எழுந்து வந்து, குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். பிறகு இன்னொரு தேர்வாளரோடும் சாரோடும் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நேரம் முழுவதும் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். குழந்தை "அம்மா" என்று கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை.

அமிர்தவல்லி வெளியே வந்து, மைக் இல்லாமலேயே சொன்னார். "இன்னைக்குப் பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாத நெலையில இருக்கோம். காந்தப் பகுதி முழுக்க மறுபடியும் செய்யணும். வெளிவந்த கட்டுரையைத் திரும்பப் பெறணும். ஆய்வேட்டைத் திருத்திக் குடுத்தப்புறம் திரும்பவும் தேர்வு வைப்போம். ஒளி பத்தின பகுதி நல்லா இருக்கு." அவ்வளவுதான். ஜூனுக்குள் இதெல்லாம் முடியாது என்பது கல்லூரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பொன்னாடையோடு வந்த சித்தப்பா ஒருவர் அதை மெதுவாகப் பைக்குள் திருப்பி வைத்தார். என் கோபம் அடங்கவில்லை. அவள் மேல், சார் மேல், அந்த அம்மா மேல், என் மேசையில் கிடந்த என்னுடைய பொடி மேல், எல்லாவற்றின் மேலும்.

அமிர்தவல்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பந்தி மேசைகளைப் பார்க்காதது மாதிரி வாசல் பக்கம் நடந்தார். "சாப்பிட்டுட்டு…" என்று சார் இழுத்ததற்கு, "இல்ல சார், பஸ்ஸைப் புடிக்கணும்," என்றார். இந்த வீட்டுச் சோற்றில் எப்படிக் கை வைப்பது என்று அவருக்கும் சங்கடம்.

மரியசூசை எழுந்துபோய் அவர் வழியை மறித்து நின்றார். ஆவூர் ஆட்கள் நாலைந்து பேர் பின்னால் எழுந்தார்கள். ஜெரோம் குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு மாமனாரைப் பிடிக்க ஓடினார். அக்கா "அப்பா!" என்று கத்தினாள். பெரியவர் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

"அம்மா, எனக்குப் படிப்பு ஏறல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"கேளுங்கய்யா."

"எம்மக கடைசியாச் சொல்லுச்சே, அது நெசமா?"

"நெசம்தாங்க."

"அது சொல்லலைன்னா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அமிர்தவல்லி சாரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "தெரிஞ்சிருக்காதுங்கய்யா," என்றார். "பட்டம் குடுத்துட்டுத்தான் போயிருப்பேன்."

மரியசூசை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டு விலகி, பந்திப் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப சாப்புட்டுட்டுப் போங்க. நீங்க ஒக்காராம யாரும் ஒக்கார மாட்டேங்கிறாக."

அந்த அம்மா தோளிலிருந்த பையைக் கீழே இறக்கிவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஒவ்வொருவராக எழுந்து வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தாள். அமிர்தவல்லியின் இலைக்கு வந்து ஒரு கரண்டி ஊற்றியவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று சத்தம் போட்டு அழுதாள்.